குக்கியிலிருந்து 32 எழுத்து: ஒரு ஹெடர் பார்சர் கற்றுக்கொடுத்தவை

இரவு பதினொன்றரை மணிக்கு ஆப்பரேஷன்ஸில் இருந்த தம்பி அழைத்தான். "அண்ணா, கேட்வே மெமரி மறுபடியும் ஏறுதுண்ணா. ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?" மூன்று நாளில் அது மூன்றாவது அழைப்பு. முதல் இரண்டு முறையும் "சரி, பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்கு மட்டும், "வேண்டாம்பா, அப்படியே விடு, நான் பார்க்கிறேன்" என்றேன். ரீஸ்டார்ட் செய்தால் மெமரி இறங்கும். ஆனால் எதனால் ஏறியது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும்.

வெளியிலிருந்து வரும் வெப் ரிக்வெஸ்ட்டுகளை வாங்கி உள்ளே அனுப்பும் வாசல்தான் அந்த கேட்வே. அதில், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் தலையிலும் பெயரும் மதிப்புமாக வரும் எச்டிடிபி ஹெடர்களைப் பிரித்துப் படிக்கும் பகுதியை, அதாவது பார்சரை, எழுதியவன் நான். மூன்று வாரம் உழைத்து, அளந்து பார்த்து, வேகமாகிவிட்டது என்ற நிறைவோடு புரொடக்‌ஷனுக்கு அனுப்பியிருந்தேன். அங்கேதான் கோளாறு இருக்கும் என்று கடைசிவரை தோன்றவே இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் அதே நூறு சொச்சம் வரிகளை மூன்று முறை திருத்தினேன். இதே வேலையில் இறங்கும் வேறு யாருக்காவது ஓர் இரவுத் தூக்கமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் சொந்தமாக எழுதினோம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதும் கோலாங் (கோ) மொழியின் நிலையான நூலகம் ஹெடர்களை ஒரு மேப்பில், அதாவது சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணையில், வைக்கிறது. சாவி ஹெடரின் பெயர், மதிப்பு ஸ்ட்ரிங்குகளின் (எழுத்துத் தொடர்களின்) வரிசை. ஒரே பெயரில் இரண்டு ஹெடர் வரலாம் என்பதால் அப்படி. பயன்படுத்துகிறவருக்கு இதைவிட வசதியான வடிவம் கிடையாது. ஒவ்வொரு மதிப்பும் தனி நகல் என்பதால் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு விலை உண்டு: ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு மெமரி ஒதுக்கீடு. இன்றைய பிரவுசர் ஒரு ரிக்வெஸ்ட்டுக்குப் பதினைந்து, இருபது ஹெடர் அனுப்புகிறது. எங்கள் கேட்வேக்கு அதில் தேவைப்பட்டதோ நான்கைந்துதான். மீதியையும் நகலெடுத்து, அடுத்த நொடியே குப்பையாக்கி, அதை அள்ளும் வேலையைக் கார்பேஜ் கலெக்டரிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். நேரமும் மெமரியும் எங்கே செலவாகின்றன என்று காட்டும் ப்ரொஃபைலில் அது பளிச்சென்று தெரிந்தது.

சரி, நகலெடுப்பதைக் குறைப்போம் என்று முடிவெடுத்தேன். ஹெடர் பகுதி முழுவதையும், முதல் வரியிலிருந்து வெற்று வரி வரை, ஒரே ஒரு பெரிய ஸ்ட்ரிங்காக ஒரு தடவை நகலெடுப்பது. அதற்குப் பிறகு எந்த ஹெடரின் பெயரும் மதிப்பும் அந்தப் பெரிய ஸ்ட்ரிங்கின் ஒரு துண்டுதான். கோலாங்கில் ஒரு ஸ்ட்ரிங் என்பது 64 பிட் கணினியில் 16 பைட்: எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பதற்கு 8, எவ்வளவு நீளம் என்பதற்கு 8. எழுத்துகளைத் தொடாமல் இந்த 16 பைட்டை மட்டும் உருவாக்கினால் துண்டு தயார். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு இருபதைத் தாண்டியிருந்த ஒதுக்கீடு இரண்டாக இறங்கியது. வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் அருமையாக வந்தது. டீமில் எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

அந்த இரவு ஹீப் (புரோகிராம் ஓடும்போது ஒதுக்கும் மெமரி) ப்ரொஃபைலை எடுத்துப் பார்த்தால், உயிரோடு இருக்கும் மெமரியில் பெரும்பங்கு என் பார்சர் ஃபங்ஷனின் பெயரில் இருந்தது. ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் செத்துப்போக வேண்டிய ஸ்ட்ரிங்குகள் லட்சக்கணக்கில் உயிரோடு நின்றன. பார்சரை வரிவரியாகப் படித்தேன். அது எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. குளோபல் வேரியபிள் ஒன்றுகூட இல்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

இடறியது எங்கே என்றால், ஹீப் ப்ரொஃபைல் காட்டுவது அந்த மெமரியை ஒதுக்கிய இடத்தை. அதை இன்னும் விடாமல் பிடித்திருப்பது யார் என்று அது சொல்லாது. வீட்டை வாடகைக்கு விட்டவர் பெயர் அதில் இருக்கும், குடியிருப்பவர் பெயர் இருக்காது. இதை மனதில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் வேறு பக்கம் தேடத் தொடங்கினேன்.

குடியிருந்தது செஷன் கேஷ். குக்கி ஹெடரிலிருந்து, லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் செஷன் ஐடியைப் பிரித்து, அதைச் சாவியாக வைத்து, பயனரின் விவரத்தை மெமரியில் வைத்திருந்தோம். செஷன் ஐடி 32 எழுத்து. ஆனால் அந்த 32 எழுத்து தனி ஸ்ட்ரிங் இல்லை. குக்கியின் துண்டு. குக்கியோ மொத்த ஹெடர் பகுதியின் துண்டு. அனலிட்டிக்ஸ் குக்கிகளும், எந்த பிரவுசர் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட்டும் சேர்ந்து ஒரு ஹெடர் பகுதி சாதாரணமாக 3,000 பைட் வந்தது. ஒரு துண்டு உயிரோடு இருக்கும்வரை மொத்தப் பகுதியும் உயிரோடு இருக்கும். கார்பேஜ் கலெக்டரால் ஒரு பொருளைப் பாதியாக வெட்டி விடுவிக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் செஷன், தலைக்கு 32 பைட் என்றால் 3.2 எம்பி. அதே ஒரு லட்சம், தலைக்கு 3,000 பைட் என்றால் 300 எம்பி. கோலாங்கின் இயல்பான அமைப்பில், உயிரோடு இருக்கும் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும்வரை அடுத்த சுற்று குப்பை அள்ளல் தொடங்காது. அதனால் 300 என்பது வெளியே பார்க்கிறவருக்கு 600 ஆகத் தெரியும். ஒதுக்கீட்டின் எண்ணிக்கையைக் குறைத்த அதே மாற்றம்தான், தங்கிப்போகும் மெமரியை நூறு மடங்குக்கு அருகில் ஏற்றிவிட்டது.

திருத்தம் ஒரே வரி. கேஷில் போடுவதற்கு முன் ஸ்ட்ரிங்ஸ்.க்ளோன் கொண்டு அந்த 32 எழுத்தை மட்டும் தனியாக நகலெடுப்பது. இதற்காகவே 2022 மார்ச்சில் வந்த கோ 1.18 பதிப்பில் அந்த ஃபங்ஷனைச் சேர்த்திருந்தார்கள். இந்தச் சிக்கல் கோலாங்குக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜாவாவில் சப்ஸ்ட்ரிங் பல ஆண்டுகள் மூல ஸ்ட்ரிங்கின் எழுத்து வரிசையைப் பகிர்ந்துகொண்டுதான் இருந்தது. 2012இல் வந்த ஜாவா 7இன் ஆறாவது அப்டேட்டில்தான் நகலெடுக்கும்படி மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் சில புரோகிராம்கள் மெதுவாயின, பல புரோகிராம்களில் மெமரி கசிவு நின்றது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பெஞ்ச்மார்க் ஏன் இதைக் காட்டவில்லை என்று பிறகு யோசித்தேன். நான் எழுதிய பெஞ்ச்மார்க் ஒரு ரிக்வெஸ்ட்டைப் பிரிக்கும், கிடைத்ததை உடனே தூக்கிப்போடும், மறுபடி பிரிக்கும். நிஜத்தில் பிரித்ததில் ஒரு சிறு பங்கு எங்கோ தங்குகிறது. தங்குவதை அளக்காத பெஞ்ச்மார்க், பார்சர் விஷயத்தில் பாதி உண்மையைத்தான் சொல்லும். இன்னொன்று, ஒரே ரிக்வெஸ்ட்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அடுத்து என்ன வரும் என்பதை சிபியுவின் கிளைக் கணிப்பு மனப்பாடம் செய்துவிடும். இப்போது நான் பல வகை ரிக்வெஸ்ட்டுகளைக் கலந்து கொடுக்கிறேன். நூற்றில் ஒன்றின் ஒரு மதிப்பை ஒரு மேப்பில் தங்க வைக்கிறேன். கடைசியில் கார்பேஜ் கலெக்டரை ஓடவிட்டு மிச்ச ஹீப்பை அளக்கிறேன். நேனோ செகண்ட் எண்ணைவிட அந்த மிச்ச எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

இத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

மீதி இருந்த இரண்டு ஒதுக்கீட்டையும் ஒழித்துவிடலாம் என்று ஆசை வந்தது. படிக்கும் பஃபரை (வரும் பைட்டுகள் வந்து விழும் மெமரியை) ஒரு பூலில், அதாவது பொது இருப்பில், வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது, நகலே எடுக்காமல் அந்த பஃபரையே, கோலாங்கின் பாதுகாப்பைத் தாண்டிப்போகும் அன்சேஃப் வழியாக ஸ்ட்ரிங்காகப் பாவிப்பது. அதற்குரிய விதியும் தெரியும்: ஹேண்ட்லர் (ரிக்வெஸ்ட்டைக் கையாண்டு பதில் தரும் ஃபங்ஷன்) முடிந்த பிறகு எந்த மதிப்பையும் கையில் வைத்திருக்கக் கூடாது. ஃபாஸ்ட்எச்டிடிபி நூலகத்தின் ஆவணத்தில் இதே எச்சரிக்கை தெளிவாக இருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அது நேர்மையான வடிவமைப்பு. நானும் எங்கள் நூலகத்தின் தலையில் அந்த விதியை எழுதி வைத்தேன்.

ஆனால் எங்கள் அக்சஸ் லாக், ஹேண்ட்லர் முடிந்த பிறகுதான் எழுதப்பட்டு வந்தது. வேகத்துக்காக லாக் விவரங்களை ஒரு சேனலில் போட்டு, இணையாக ஓடும் வேறொரு கோரூட்டின் மொத்தமாகச் சேர்த்து டிஸ்கில் எழுதும். ஒன்றரை வருடத்துக்கு முன்பே வேறொருவர் எழுதிய கோடு அது. என் விதி அதற்குத் தெரியாது.

ஒரு நாள் காலை ஒரு லாக் வரியைப் பார்த்தேன். யூசர்-ஏஜென்ட் இருக்க வேண்டிய கட்டத்தில், அக்செப்ட்-லாங்வேஜ் ஹெடரின் பின்பாதி. அதற்கடுத்து ஒரு வரி முறிவு. அதற்கடுத்து "குக்கி" என்ற பெயரும் யாரோ ஒருவருடைய குக்கியின் முதல் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளும். கை நடுங்கியது. நடந்தது இதுதான்: லாக் வைத்திருந்த 16 பைட்டில் இடமும் நீளமும் பழைய ரிக்வெஸ்ட்டுடையவை. அந்த இடத்தில் இருந்த எழுத்துகளோ பூலிலிருந்து பஃபரை எடுத்துக்கொண்ட புது ரிக்வெஸ்ட்டுடையவை. பழைய அளவுச் சட்டையைப் புது உடம்பின் மேல் வைத்து வெட்டியதுபோல, வேறொருவரின் ஹெடர்களில் நடுவிலிருந்து ஒரு பகுதி லாக்கில் விழுந்திருந்தது.

மெமரி ஏறினால் ரீஸ்டார்ட் செய்யலாம். ஒருவருடைய செஷன் எழுத்து இன்னொருவர் பெயரில் பதிவானால் அதை எப்படித் திரும்பப் பெறுவது? அன்று அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றோம், லாக் கோப்புகளை அழித்தோம், எல்லா செஷன்களையும் ரத்து செய்து அனைவரையும் மறுபடி லாகின் செய்ய வைத்தோம். இரண்டு ஒதுக்கீட்டை மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு அது.

இதுவும் டெஸ்டில் மாட்டவில்லை. டெஸ்ட் அனுப்பியது ஒரே மாதிரி ரிக்வெஸ்ட். பஃபர் மேலெழுதப்பட்டாலும் அதே எழுத்துகள் அதே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தன. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வடிவமைத்ததுதான் இன்றுவரை ஓடுகிறது. பஃபர் பூலில்தான் இருக்கிறது, ஆனால் வெளியே போகும் வழி இரண்டு. ஒன்று "ஒப்பிடு": இந்த ஹெடரின் மதிப்பு இதுவா, இதில் இந்தச் சொல் இருக்கிறதா என்று கேட்கலாம், நகல் கிடையாது, பதில் ஆம் அல்லது இல்லை. இன்னொன்று "எடு": மதிப்பு வேண்டுமென்றால் நகலோடுதான் கிடைக்கும். எங்களுக்குத் தேவையான நான்கைந்து ஹெடரில் மூன்று "ஒப்பிடு" வகையிலேயே முடிந்துவிட்டன. செஷன் தேடலுக்கு கோலாங் கம்பைலர் ஒரு வசதி தருகிறது. பைட் வரிசையை ஸ்ட்ரிங்காக மாற்றும் வேலையை மேப்பின் சாவி எழுதும் இடத்திலேயே நேரடியாக எழுதினால், தேடுவதற்கு மட்டும் நகலெடுக்காது. ஆக, தேடல் முழுக்க இலவசம், புது செஷனைக் கேஷில் சேர்க்கும்போது மட்டும் 32 பைட் நகல். ஆயிரம் தேடலுக்கு ஒரு சேர்ப்பு என்ற நிலையில் அந்த நகலைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. முதல் நாளே "எத்தனை நகல்" என்று கேட்காமல் "எது தங்கப்போகிறது, யாரிடம் தங்கப்போகிறது" என்று கேட்டிருந்தால் நேராக இங்கே வந்திருப்பேன்.

மேப்பா, வரிசையா என்பதில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை. இருபது ஹெடருக்கு ஹாஷ் (சாவியிலிருந்து கணக்கிட்டு மேப்பில் இடம் காட்டும் எண்) போடுவதைவிட, ஒரு சிறு வரிசையில் முதலில் நீளத்தை ஒப்பிட்டு, நீளம் பொருந்தினால் மட்டும் எழுத்தை ஒப்பிடுவது போதும். பெரும்பாலானவை நீளத்திலேயே கழிந்துவிடும். ஹெடர் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது என்பதால் ஒப்பிடும்போதே அதைக் கவனித்தால் சரி, பெயரை மாற்றி எழுதிப் புது நகல் உண்டாக்க வேண்டியதில்லை. ஹெடர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டாயம். வரம்பு இல்லாமல் வரிசையில் தேடினால் ஆயிரக்கணக்கில் ஹெடர் அனுப்புகிறவர் உங்கள் சிபியுவை எடுத்துக்கொள்வார். மேப் என்றாலும் தப்பிக்க முடியாது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த 28சி3 ஹேக்கர் மாநாட்டில், ஒரே ஹாஷ் வரும் சாவிகளை அனுப்பியே வெப் சர்வர்களை முடக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். ரஸ்ட் மொழியின் எச்டிடிபி நூலகத்தில் இருக்கும் ஹெடர் மேப் இதற்கென்றே, மோதல் மிகுந்தால் வேகமான ஹாஷை விட்டுவிட்டு மெதுவான, பாதுகாப்பான ஹாஷுக்கு மாறிக்கொள்கிறது. எனக்குப் பிடித்த வேலைப்பாடு அது.

முன்கூட்டியே ஒதுக்குவதிலும் கண்ணி உண்டு. கோலாங்கின் நூலகமே இதில் ஒரு முறை சறுக்கியது. ஒவ்வொரு ஹெடருக்கும் தனி வரிசை ஒதுக்குவதைத் தவிர்க்க, பஃபரில் எத்தனை வரி முறிவு இருக்கிறது என்று எண்ணி, அத்தனை ஸ்ட்ரிங்குக்கும் ஒரே இடமாக ஒதுக்கி, அதிலிருந்து பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஹெடர் முடிந்து வெற்று வரி வந்த பிறகு வரும் பாடியின் (ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கத்தின்) வரி முறிவுகளும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தன. பாடி முழுக்க வரி முறிவாகவே அனுப்பினால், வரும் ஒவ்வொரு பைட்டுக்கும் 16 பைட் ஒதுக்கீடு. சிவிஇ-2023-24534 என்ற எண்ணில் பதிவான இந்தக் குறையை 2023 ஏப்ரலில் வெளியான 1.20.3, 1.19.8 பதிப்புகளில் திருத்தினார்கள். அதைப் படித்த அன்றே எங்கள் பார்சரில் "எவ்வளவு வரும்" என்று ஊகிக்கும் இடங்களைத் தேடினேன். இரண்டு இருந்தன. இரண்டுக்கும் வரம்பு போட்டேன்.

வரம்பு என்றதும் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். கோலாங் சர்வர் இயல்பாக 1 எம்பி வரை ஹெடரை ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் இன்றைய நோட் 16 கேபி. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 1 கேபி பஃபரில் தொடங்கி, போதாவிட்டால் 8 கேபி பஃபர் நான்கு வரை எடுத்துக்கொள்ளும். இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி ஒரு ஹெடருக்கு 8,190 பைட், மொத்தம் 100 ஹெடர். என்ஜின்எக்ஸ் வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது: எல்லோருக்கும் சிறியது, தேவைப்படுகிறவருக்கு மட்டும் பெரியது. பத்தாயிரம் இணைப்பு திறந்திருந்தால் 1 கேபிக்கும் 8 கேபிக்கும் உள்ள வித்தியாசம் 10 எம்பிக்கும் 80 எம்பிக்கும் உள்ள வித்தியாசம். வரம்பை அவசரமாக இறக்கவும் கூடாது. 2018 நவம்பரில் பாதுகாப்புக்காக நோட் அதை 8 கேபியாகக் குறைத்தபோது, பெரிய குக்கி வைத்திருந்த தளங்கள் பிழையைச் சந்தித்தன. பிறகுதான் அது 16 ஆனது. எங்கள் வரம்பை முடிவு செய்யும் முன், ஒரு வாரம் நிஜ ஹெடர்களின் நீளத்தை மட்டும் எண்ணி வைத்தோம்.

இன்னொரு இடம், துண்டு துண்டாக வரும் ஹெடர். இணையத்தில் பைட்டுகளைக் கொண்டுவந்து சேர்க்கும் டிசிபியில் ஒரு ஹெடர் பகுதி முழுதாக வரும் என்ற உத்தரவாதம் இல்லை. புதுத் துண்டு வரும்போதெல்லாம் என் பார்சர் முதலிலிருந்து பிரிக்கும். யாராவது 8,000 பைட் ஹெடரை ஒவ்வொரு பைட்டாக அனுப்பினால் 8,000 முறை பிரிக்க வேண்டும், மொத்தம் 3.2 கோடி பைட்டைப் படிக்க வேண்டும். கசுஹோ ஓகு எழுதிய பிகோஎச்டிடிபிபார்சர் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது: போன முறை எதுவரை பார்த்தோம் என்ற ஓர் எண்ணை மட்டும் அழைப்பவரிடமிருந்து வாங்கி, அங்கிருந்து முடிவு வந்துவிட்டதா என்று தேடும். வந்தால்தான் முழுப் பிரிப்பு. ஓர் எண், அவ்வளவுதான். அதையே நானும் எடுத்துக்கொண்டேன்.

வேகத்துக்காக விடக்கூடாதது சரிபார்ப்பு. ஹெடர் பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் 400 (தவறான ரிக்வெஸ்ட்) சொல்லி நிராகரிக்க வேண்டும் என்று எச்டிடிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 9112 சொல்கிறது. பாடியின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்க்த் இரண்டு முறை வேறுவேறு மதிப்போடு வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி ஒன்றையும் பின்னால் இருக்கும் சர்வர் மற்றொன்றையும் எடுத்துக்கொண்டால், ரிக்வெஸ்ட்டுக்குள் ரிக்வெஸ்ட்டைக் கடத்த வழி பிறக்கும். எழுத்து அனுமதிக்கப்பட்டதா என்று 256 கட்ட அட்டவணையில் பார்ப்பது, எப்படியும் அந்த எழுத்தைத் தொடும் அதே சுற்றில் நடந்துவிடும். அதை நீக்கினால் மிச்சமாவது அற்பம்.

எச்டிடிபி/2 வந்தால் இந்தக் கணக்கு இடம் மாறுகிறது. அதன் ஹெடர் சுருக்க முறையான எச்பேக்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டைனமிக் அட்டவணை, இயல்பாக 4,096 பைட் வரை. ஹெடர் மதிப்புகள் ரிக்வெஸ்ட்டைத் தாண்டி இணைப்பு முடியும்வரை அதில் வாழலாம். "யாரிடம் தங்கப்போகிறது" என்ற கேள்விக்குப் பதிலே மாறிவிடுவதால், பழைய பார்சரின் பூலை அங்கே நாங்கள் கொண்டுபோகவில்லை.

கடைசியாகச் சேர்த்தது ஒரு டெஸ்ட் அமைப்பு. டெஸ்டில் ஓடும்போது, பஃபரைப் பூலுக்குத் திருப்பிக் கொடுக்கும் அந்த நொடியில் அதன் எல்லா பைட்டையும் கேள்விக்குறியால் நிரப்பிவிடுகிறோம். யாராவது பழைய துண்டைப் பிடித்திருந்தால் அடுத்த முறை அவர் படிக்கும்போது வெறும் கேள்விக்குறியாகத் தெரியும். முதல் ஓட்டத்திலேயே ஒன்று மாட்டியது. மெட்ரிக்ஸ் பகுதியில், எந்த ஹோஸ்ட்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்று எண்ணும் மேப்பின் சாவியில் பதினான்கு கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. எங்கள் ஹோஸ்ட் பெயரில் சரியாகப் பதினான்கு எழுத்து.